இரண்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம்

தோர்ன்பெக்,
திங்கட்கிழமை

அன்பு மகள் டாம்சினுக்கு,

நேற்று முழுக்க உன் தம்பியிடம் நான் சொல்லாமலே வைத்திருந்த ஒன்றை உனக்காவது எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். "இன்னிக்கு மூணாவதா வந்தாப் போதும்டா" என்பதுதான் அது, அவ்வளவு சின்ன வாக்கியம், காலையிலிருந்து சாயங்காலம் வரை நாக்கிலேயே வைத்திருந்து அப்படியே வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அதற்கு முன்னால் முறைப்படி சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், நாங்கள் மூவரும் எலும்பு ஏதும் உடையாமல் இருக்கிறோம், மோட்டார் சைக்கிள் பந்தயப் பருவம் முடிகிற வரைக்கும் இந்த வீட்டில் சுகம் என்றால் அதுதான் அர்த்தம், நீயும் அங்கே முழுசாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் இருமல் விட்டதா. பூமியின் அந்தப் பக்கத்தில் உனக்கு வசந்தம் தொடங்கிவிட்டது ஆனால் காற்று தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், ஆஸ்பத்திரி வேலை முடிந்து வரும்போது கழுத்தை மூடிக்கொண்டு வா, இளமையில் கழுத்தைத் திறந்துபோட்டுத் திரிந்ததற்கு நான் இப்போது அனுபவிக்கிறேன். இங்கே இலையுதிர் காலம், பீட் கிழங்கு லாரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன, சாலையெல்லாம் சேறு, நூலகத்தில் என் மேசைக்கு வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சம் வயலைக் காலில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். உன் நண்பனிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். நல்ல பையன் என்று நீ சொன்னால் நம்புகிறேன். வண்டியில் பிரேக் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், நம் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறவற்றுக்கு அது கிடையாது என்பதால் நான் இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். வியாழக்கிழமை மத்தியானம் நூலகத்துக்கு கிளைவ் தொலைபேசியில் அழைத்தார். வீட்டு எண்ணுக்கு அழைக்காமல் அங்கே அழைத்தபோதே அப்பாவுக்குத் தெரியக்கூடாத ஏதோ ஒன்று என்று புரிந்துவிட்டது. கிளைவ் இந்த அணியை நடத்துவது போதாதென்று தண்ணீர் வண்டியும் அவரே ஓட்டி, தடத்துக்கு மண்ணும் அவரே வாரி, பத்து வருஷமாக மனைவியிடம் இதுதான் கடைசி வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவர், அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நீ இந்தக் கணக்கையெல்லாம் காதில் வாங்கியதே இல்லை, அரங்கத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு புத்தகம் படித்த பெண் நீ, அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். ஒவ்வொருவனும் ஒரு போட்டிக்கு எத்தனை புள்ளி எடுக்கிறான் என்று வருஷக் கடைசியில் ஒரு சராசரி போடுவார்கள். அடுத்த வருஷத்து அணியில் இருக்கப்போகிற ஏழு பேரின் சராசரியையும் கூட்டினால் சங்கம் விதித்திருக்கிற எல்லையைத் தாண்டக்கூடாது, பணக்கார ஊர்கள் நல்ல ஓட்டக்காரர்களை எல்லாம் வாங்கி அடுக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த ஏற்பாடு. அதனால் இந்த விளையாட்டில் மட்டும் ஒரு பையன் நன்றாக ஓட்டி ஓட்டியே தன் அணிக்குப் பொருந்தாமல் போய்விடுவான். நம் கெஸ்டர் ஏப்ரலில் ஏழாம் எண்ணில், எல்லோருக்கும் கடைசியில், தட்டுத்தடுமாறிச் சேர்ந்தவன், ஆகஸ்டு மாதத்திலிருந்து யாரோ சாவி கொடுத்துவிட்டதுபோல் ஓட்டுகிறான். கிளைவ் சொன்னார், "ரொவீனா, உங்க பையன் இப்ப சரியா விளிம்புல நிக்கிறான். ஞாயித்துக்கிழமை நிறைய எடுத்தான்னா கூட்டுத்தொகை மேல போயிடும், அவனையும் எல்லிஸையும் சேர்த்து என்னால வச்சுக்க முடியாது. யாராவது ஒருத்தன விடணும். நான் அவங்கிட்ட சொல்ல முடியாது, சொன்னா நான் என்ன மேனேஜர். உங்க வீட்டுக்காரன் டாரல் கிட்ட சொன்னா ஸ்பானராலயே அடிப்பான். அம்மா சொன்னா கேப்பான். மூணாவதா வந்தாப் போதும். எல்லிஸுக்குப் பின்னாடியே ரெண்டாவதா மட்டும் வரவேண்டாம்னு சொல்லுங்க, அந்த நட்சத்திரம் வேற சேந்துக்கும்."

அந்த நட்சத்திரம் என்னவென்று உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு ஓட்டத்தில் நாலு பேர், இரண்டு பேர் நம் ஆட்கள், இரண்டு பேர் எதிராளிகள். முதலில் வருகிறவனுக்கு மூன்று, அடுத்தவனுக்கு இரண்டு, அதற்கடுத்தவனுக்கு ஒன்று. நம் அணிக்காரனுக்கு அடுத்தபடியாக, எதிராளியை முந்திக்கொண்டு நீ வந்தால், சொந்த ஆளை முந்தப் பார்க்காமல் துணைக்கு வந்தாய் என்பதற்காக உனக்கு உபரியாக ஒரு புள்ளி. அணியின் கணக்கில் அது சேராது, உன் சராசரியில் மட்டும் சேரும். அரங்கத்தில் விற்கிற புரோகிராம் தாளில் புள்ளிகளை எழுதும்போது அதை ஒரு நட்சத்திரமாகப் போடுவோம்.

நான் "பார்க்கிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுவதும் ஒரே யோசனை. கெஸ்டருக்கு இங்கே இடம் இல்லையென்றால் அவனைக் கேட்டிருக்கிற ஒரே ஊர் கிரேவன்ஹாம். அந்தத் தடத்தை நீ பார்த்ததில்லை. நம்முடையது சின்னது, வளைவுகள் நெருக்கம், வேகம் எடுப்பதற்குள் திரும்ப வேண்டியிருக்கும். அங்கே நேர்ப்பகுதி நீளமானது, சுற்றிலும் பலகை வேலி, ஜூலையில் நம் ஆறாம் எண்காரன் மார்ட்டி மூன்றாம் வளைவில் அந்தப் பலகையில் போய் மோதினான், இன்னும் இடுப்பு வரை கட்டுப்போட்டுக்கொண்டு அவன் அம்மா வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறான். நான் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவன் படிப்பதில்லை, ஆனால் நான் வருவது பிடித்திருக்கிறது. அந்த வேலிக்கு என் மகனை அனுப்பாமல் இருக்க ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்றால் எந்தத் தாய் சொல்லாமல் இருப்பாள் என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். ஆனால் பிரேக் இல்லாத வண்டியில் பயந்து ஓட்டுவதுதான் ஆபத்து, இதை அப்பா உனக்கும் சொல்லியிருக்கிறார். வளைவில் கைப்பிடியை முறுக்கிப் பிடித்திருக்கிற வரைக்கும் பின்சக்கரம் வழுக்கிக்கொண்டு வண்டியைத் திருப்பும், நடுவில் பாதி மனசாகக் கையைத் தளர்த்தினால் டயர் சட்டென்று மண்ணைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நிமிர்ந்து நேராக வேலிக்குப் போய்விடும். மார்ட்டி அப்படித்தான் போனான். நான் போய் இவனிடம் "கொஞ்சம் மெதுவா" என்று சொன்னால், அந்தச் சொல் வளைவின் நடுவில் அவன் மணிக்கட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வருஷத்து வேலிக்குப் பயந்து இந்த ஞாயிற்றுக்கிழமை வேலிக்கு அவனை நானே அனுப்புவதா என்று தோன்றியது.

நேற்றுக் காலையில் அவன் அடுப்படியில் உட்கார்ந்து வளைவில் தரையில் உரசுகிற இடதுகால் பூட்ஸின் இரும்புத் தகட்டுக்கு வார் மாட்டிக்கொண்டிருந்தான். அப்போது சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் "சாண்ட்விச்சுக்கு ஜாமா சீஸா" என்று கேட்டேன். "ரெண்டும்மா, ஆனா ஒண்ணா வைக்காதீங்க, போன தடவ மாதிரி" என்றான். வேனில் போகும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது, அப்பா இறங்கி வண்டிகளைக் கட்டின கயிற்றைச் சரிபார்க்கப் போனார், நானும் அவனும் மட்டும் முன் இருக்கையில், சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. அப்போதும் சொல்லியிருக்கலாம். "கையுறை எடுத்தியா" என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா, இதோட நாலு தடவ கேட்டுட்டீங்க" என்று சிரித்தான். பதினேழு வயதில் அவனுக்கு என்னைவிட ஒரு கை உயரம் அதிகம், ஆனால் சிரித்தால் இன்னும் பால்பல் விழுந்த முகம்தான் எனக்குத் தெரிகிறது. அப்பா ஏறி உட்கார்ந்தார், கேட் திறந்தது, அவ்வளவுதான்.

வெல்பீயோடு போட்டி. தோற்றால் பட்டியலில் கடைசி இடம் நமக்கு, ஜெயித்தால் அவர்களுக்கு, வருஷம் முழுக்க ஓட்டியதில் மிச்சம் இருந்த ஒரே மானம் அது. காற்று நம் பக்கம் வீசியதால் முதல் வளைவில் நின்ற குழந்தைகளுக்கெல்லாம் நல்ல மண் அபிஷேகம், சந்தோஷமாகக் கத்தினார்கள். நான் வழக்கமான இடத்தில், தேநீர்ப் பிளாஸ்க்கும் கம்பளியுமாக மேவிஸ் பக்கத்தில், புரோகிராமும் பேனாவுமாக. மேவிஸுக்குக் கணக்கு வராது, என் புரோகிராமைப் பார்த்துத்தான் தன்னுடையதை நிரப்புவாள், நாற்பது வருஷமாக வருகிறாள். கிளைவின் அதிர்ஷ்டமோ என்னுடையதோ, ஆரம்பத்தில் எல்லாம் அவர் கேட்டபடியே நடந்தது. கெஸ்டர் ஒரு ஓட்டத்தில் மூன்றாவது, ஒன்றில் சங்கிலி கழன்று நின்றுவிட்டான், ஒன்றில் மறுபடியும் மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் அவன் தோற்பதைப் பார்த்து எனக்குள் ஒரு நிம்மதி, அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கம். மேவிஸ், "என்ன கண்ணு, பையன் இன்னிக்குத் தூங்குறானா, இல்ல காதலா" என்றாள். காதலாகத்தான் இருக்கும் என்றேன்.

கடைசி ஓட்டத்துக்கு வந்தபோது நாம் இரண்டு புள்ளி பின்னால். நம் ஆட்கள் முதலாவதும் இரண்டாவதுமாக வந்தால் மட்டுமே ஜெயிக்க முடியும். எல்லிஸ் போகிறான், அவனோடு நம் முதல் எண்காரன் போக வேண்டும், அரங்கத்தில் வண்டிகளைத் தயார்செய்கிற கொட்டகையில் அவனுடைய இன்ஜின் செத்துவிட்டது. சட்டப்படி மிச்சம் இருந்தது ஏழாம் எண் மட்டும். ஒலிபெருக்கியில் கெஸ்டர் பெயரைச் சொன்னதும் கூட்டம் எழுந்து நின்றது, நான் உட்கார்ந்தேன். கொட்டகையில் நடந்ததை அப்பா பிறகு சொன்னார். கிளைவ் கல்யாண வீட்டில் மோதிரத்தைத் தொலைத்தவர்போல் இவனைச் சுற்றிச் சுற்றி வந்தாராம், அணியும் ஜெயிக்க வேண்டும் இவனும் ஜெயிக்கக்கூடாது, கடைசியில் தோளைத் தட்டி "பாத்து ஓட்டுடா தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். எல்லிஸ்தான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே வேடிக்கையாக, "டேய் குட்டி, நீ பாட்டுக்கு ஜெயிச்சுத் தள்ளாத, உன் சராசரி ஏறிச்சுன்னா கிளைவ் என்னத் தூக்கி பீட் லாரியில போட்டுடுவாரு. என்னய வேற எவன் கூப்பிடப் போறான்" என்றானாம். எல்லிஸை உனக்கு நினைவிருக்கும், கோழித் தொழிற்சாலையில் வேலை, இருபத்து நாலு வயது, நீ ஒரு தடவை அவனுக்கு நெற்றியில் கட்டுப்போட்டிருக்கிறாய். ஆகஸ்டில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, நேற்றுத்தான் முதல்முறையாக அரங்கத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள், காதுக்குப் பெரிய கம்பளி உறையோடு.

தொடக்கக் கோட்டில் கட்டியிருந்த நாடா மேலே எழுந்ததும் கெஸ்டர் வெளியே வந்த விதத்தை உனக்கு எழுதிக் காட்ட என்னால் முடியாது. நீல ஹெல்மெட், அதன் பின்னால் எல்லிஸின் சிவப்பு, வெல்பீக்காரர்கள் இருவரும் அப்புறம். இரண்டு சுற்று அப்படியே போயிற்று. எனக்கு அப்போது நிம்மதியும் இல்லை வெட்கமும் இல்லை, கணக்கும் மறந்துவிட்டது, என் மகன் முன்னால் போகிறான் என்பது மட்டும்தான். மூன்றாவது சுற்றில் அவன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். பார்த்துவிட்டு வளைவுக்குள் போகும்போது வெளிப்பக்கமாக ஒதுங்கினான், உள்பக்கம் எல்லிஸுக்கு வழி. ஒதுங்குவதற்காகக் கையைத் தளர்த்தினான், டாம்சின். மேவிஸுக்குத் தெரிந்திருக்காது, எனக்குத் தெரிந்தது, பின்சக்கரம் மண்ணைப் பிடித்தது, வண்டி ஒரு கணம் நிமிர்ந்து வேலியைப் பார்த்தது. பேனா மூடியைக் கடித்து உடைத்திருக்கிறேன், அதை அப்புறம்தான் பார்த்தேன். அவன் மறுபடி முறுக்கினான், வண்டி மறுபடி சரிந்தது, எல்லிஸ் உள்ளே புகுந்து முன்னால் போனான், கெஸ்டர் வெளிப்பக்கத்தை அடைத்துக்கொண்டு கடைசிச் சுற்று முழுவதும் வெல்பீக்காரர்களை முந்தவிடாமல் பிடித்துவைத்தான். சிவப்பு, நீலம். ஜெயித்துவிட்டோம். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எல்லிஸ் வேலியோரம் நிறுத்திக் குழந்தையை வாங்கி வண்டியின் பெட்ரோல் டாங்க்மேல் உட்காரவைத்துக் கொண்டான். மேவிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, ஜெயிப்பையே தூக்கிக் குடுத்துட்டான், என்ன மனசு. எனக்கு எழுதிக் குடு கண்ணு, அவனுக்கு என்ன போடணும்" என்றாள். இரண்டு என்றேன். பிறகு பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் போடச் சொன்னேன்.

திரும்பி வருகையில் ரவுண்டானா கடையில் சிப்ஸ் வாங்கிக்கொண்டு வேனிலேயே சாப்பிட்டோம். ஜன்னலெல்லாம் வினிகர் ஆவி. கெஸ்டர் வாய் நிறைய வைத்துக்கொண்டு சொன்னான், "எல்லாத்தையும் யோசிச்சுத்தான் பண்ணேன். நான் ஜெயிச்சிருந்தா மூணு, இப்ப ரெண்டுதான். என் சராசரியும் ஏறாது, எல்லிஸும் இருப்பான், அணியும் ஜெயிச்சாச்சு. கிளைவ் எனக்கு ஒரு பீர் வாங்கித் தரணும்." எல்லிஸ் சொன்னது வெறும் வேடிக்கை இல்லை என்று அப்பாவுக்கு அப்போதுதான் புரிந்தது, சிப்ஸைக் கீழே வைத்துவிட்டு விரலை மடக்கிப் பார்த்தார். "டேய் மண்டு, உனக்கு ரெண்டு, நட்சத்திரம் ஒண்ணு, ஆக மூணு. அவனுக்கு மூணு. நீயே முன்னாடி வந்திருந்தா உனக்கு மூணு, அவனுக்கு ரெண்டும் நட்சத்திரமும். தலைகீழா நின்னாலும் இதே கணக்குதான்." கெஸ்டர் மெல்லுவதை நிறுத்திவிட்டான். வருஷம் முழுக்க அவன் கடைசியில் வந்துகொண்டிருந்தவன், நட்சத்திரம் அவனுக்கு விழுந்ததே மிகக் குறைவு, ஓட்டுகிற அவசரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அதைத்தான் கிளைவ் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவன் கொஞ்ச நேரம் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி விடுங்கப்பா, அந்தப் பாப்பா பாத்துச்சுல்ல" என்றான். "பாப்பா தூங்கிச்சுடா" என்றார் அப்பா. பிறகு இருவரும் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று காலையிலிருந்து யோசிக்கிறேன். மூன்றாவதாக வந்திருப்பானா, அணியைத் தோற்கவிட்டு. எனக்கு அவனைத் தெரிந்தவரை மாட்டான். ஆனால் அவன் தெரிந்துகொண்டு மாட்டேன் என்று சொல்வது வேறு, தெரியாமலே செய்துவிட்டுச் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பது வேறு. நான் பயந்தது நடக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவன் கை என்னைக் கேட்காமலே தளர்ந்தது. இதில் எது சரி என்று நீ எனக்கு எழுத வேண்டாம், நீ என்ன எழுதினாலும் நான் அதைப் பத்து தடவை படித்து வேறு அர்த்தம் கண்டுபிடிப்பேன். கிளைவ் இந்த வாரம் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு செய்தி என்றால் அப்பாவின் முதுகு பரவாயில்லை, கொதிகலன் மறுபடி சத்தம் போடுகிறது, உன் அறை ஜன்னலுக்குப் புது வண்ணம் அடித்தோம், கெஸ்டர் தன் டயர்களை அங்கே அடுக்கப் பார்த்தான், நான் விடவில்லை. உன் கட்டிலில் டயர் வாசனை வந்தால் நீ வருவதற்கு இன்னும் நாளாகும் என்று எனக்கு ஒரு பைத்தியக்கார எண்ணம்.

உனக்கு நல்ல தூக்கமும் நல்ல மனிதர்களும் அமையட்டும், கையில் எடுத்த வேலை கைக்கு வசப்படட்டும், நீ போகிற சாலையெல்லாம் உன்னைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். உன் தம்பியின் பிறந்தநாள் அடுத்த மாதம், தபால் தாமதமாகும், இப்போதே ஒரு அட்டை போட்டுவிடு, வண்டி படம் வேண்டாம். அந்தப் பையனின் பிரேக்கைப் பற்றிப் பதில் எழுத மறக்காதே.

என்றும் உன் நினைவாக,
அம்மா
ரொவீனா

வெள்ளிக்கிழமை. தபால்தலை வாங்காததால் இது மேசையிலேயே கிடந்தது, நல்லதாயிற்று. கிளைவ் புதன்கிழமை வந்தார். கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டிவிட்டது, இருவரில் ஒருவனை விட வேண்டும் என்று ஆரம்பித்துத் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே இருந்தார். அவர் யார் பெயரையும் சொல்வதற்குள் கெஸ்டர், "நான் போறேன், எல்லிஸ யாரும் கூப்பிடல, என்னக் கூப்பிட்டிருக்காங்க" என்றான். நேற்று கிரேவன்ஹாமிலிருந்து ஒருவர் ஒப்பந்தத்தோடு வந்தார். பதினெட்டு ஆகாததால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். அப்பா பேனாவை என் பக்கம் தள்ளினார். நான் கையெழுத்துப் போட்டேன்.